முகம் தெரியாதவருக்குப் பட்ட கடன்



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



தவ்பாவின் நிபந்தனைகளைப் பலமுறை கேட்டிருக்கிறோம். செய்த பாவத்தை விட வேண்டும். அதற்காக வருந்த வேண்டும். இனி அதன் பக்கம் திரும்ப மாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். அடியார்களின் உரிமை, அதாவது ஹக்குல் இபாத் அதில் இருந்தால் நான்காவதாக ஒன்று உண்டு. உரியவரிடம் அவருடைய ஹக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும்.

ஆனால் யாருக்குத் தீங்கு செய்தோம் என்றே தெரியாவிட்டால்? நாம் செய்தது கடுகளவு, அதையே கோடிக்கணக்கானோரும் செய்தார்கள் என்றால்? அந்தக் கடன் யார் கணக்கில் ஏறும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, உங்களைச் சற்று நேரம் கிரீன்லாந்துக்கு அழைத்துப் போகிறேன்.

கிரீன்லாந்து வடதுருவத்தை ஒட்டிய பெரும் தீவு. அதன் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. சில இடங்களில் அதன் தடிமன் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அதன் உள்பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் விழும் பனி, முந்தைய ஆண்டின் பனிமேல் படிந்து, நாளடைவில் இறுகிக் கட்டியாகிறது. அந்த ஆண்டு காற்றில் மிதந்த தூசு, எரிமலைச் சாம்பல், புகை எல்லாம் அந்த ஆண்டின் அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் அதை வெட்டியும் துளையிட்டும் எடுத்து, ஏடு புரட்டுவது போல் அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள்.

கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இருந்தார். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் கணக்கிட்டுச் சொன்னவர். பாறையிலும் விண்கல்லிலும் உள்ள ஈயத்தை அளந்துதான் அதைக் கண்டறிந்தார். அளக்கும்போது ஒரு தொல்லை. எங்கிருந்தோ வந்த ஈயம் அவருடைய ஆய்வுக்கூடம் முழுவதும் கலந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினார்.

1923 முதல் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் கலந்த ஒரு பொருளைச் சேர்த்து விற்றார்கள். என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. வண்டிப் புகையோடு அந்த ஈயமும் காற்றில் கலந்தது. ஆனால் ஈயம் முன்பும் இதே அளவு இருந்ததா இல்லையா என்பதற்கு யார் சாட்சி? பேட்டர்சனும் அவருடைய சகாக்களும் கிரீன்லாந்துப் பனியிடம் போனார்கள். கருவிகளை அமிலத்தில் கழுவினார்கள், கையுறை அணிந்தார்கள். தங்கள் உடலிலும் உடையிலும் உள்ள ஈயம் பட்டால்கூட அளவீடு பொய்யாகிவிடும். சாட்சி சொல்பவன் முதலில் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

1969இல் முடிவு வெளியானது. கி.மு. 800 வாக்கில் விழுந்த பனியோடு ஒப்பிட்டால், 1965இன் பனியில் ஈயம் இருநூறு மடங்கு. 1940க்குப் பிறகு ஏற்றம் மிகக் கடுமை.

சகோதரர்களே, அந்த வண்டிகளை ஓட்டியவர்களில் ஒருவர்கூடக் கிரீன்லாந்தை அசுத்தப்படுத்த நினைத்ததில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருந்த ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவுதான். "நான் ஒருவன் ஓட்டுவதால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வியில் தவறே தெரிந்திருக்காது. ஆனால் பனி தனித்தனிப் பெயர்களைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டித் தொகையை எழுதி வைத்தது. பனிக்குப் பெயர்கள் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இதை அந்நிய நாட்டுக் கதையாக எண்ண வேண்டாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் நின்றது. சிறுவயதில் என் அத்தாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு நான் ஊர் சுற்றியது அந்தப் பெட்ரோலில்தான். நம் புகை கிரீன்லாந்து வரை போயிற்று என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே நம் தெருவில் விளையாடிய பிள்ளைகள் அதைச் சுவாசித்துவிட்டார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அடி வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் நம் புகையின் கடன்காரர்களோ! அவர்கள் நமக்குக் கடன்பட்டவர்கள் அல்லர். நாம்தான் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

பனி சொன்ன இன்னொரு சாட்சியமும் உண்டு. 1970களில் நாடுகள் பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கின. 1991இல் வெளியான ஆய்வின்படி, சுமார் இருபது ஆண்டுகளில் கிரீன்லாந்துப் பனியில் ஈயம் ஏழில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. கடைசியாக 2021இல் அல்ஜீரியாவும் கார்களுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. விட்டுவிட்டால் புதிய அடுக்கு சுத்தமாக விழும். ஆனால் பழைய அடுக்கு பழைய இடத்திலேயே இருக்கிறது. தவ்பாவின் நற்செய்தி முதலாவதில் இருக்கிறது. ஹக்குல் இபாதின் பாரம் இரண்டாவதில் இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பாரத்தை எப்படி இறக்குவது? ஒருவருடைய பொருள் நம்மிடம் இருந்து, எவ்வளவு தேடியும் உரியவர் கிடைக்காவிட்டால், அவர் சார்பாக அதைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். கவனியுங்கள், "உரியவர் தெரியவில்லை, ஆகவே கடன் இல்லை" என்று அவர்கள் சொல்லவில்லை. முகம் தெரியாததால் கடன் தீர்வதில்லை. அதை அடைக்கும் வழிதான் மாறுகிறது.

நாம் அடைக்க வேண்டிய வழி கண் முன்னால் இருக்கிறது. பழைய பேட்டரியைக் குடியிருப்புக்கு நடுவே உடைத்து ஈயத்தை உருக்குபவரிடம், இரண்டு காசு அதிகம் கிடைக்கிறது என்று போட்டுவிடாதீர்கள். அங்கே வேலை செய்பவர் நம் உறவினர் என்றால், அவரிடம் பேசுங்கள், வேறு பிழைப்புக்கு உதவுங்கள். அன்றைய பிள்ளையிடம் வாங்கியதை இன்றைய பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்போம்.

இன்று நாம் வெளியிடும் கரியமில வாயுவுக்கும் இதே நியாயம்தான். அண்டார்க்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் எடுத்த பனிக்கட்டியின் காற்றுக் குமிழ்களில் எட்டு லட்சம் ஆண்டுகளின் கணக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளின் காலத்துக்கு முன்வரை, பத்து லட்சத்தில் 300 பங்கு என்ற அளவை அது தாண்டியதில்லை. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. "நான் ஒருவன்தானா?" என்ற அதே கேள்வியை நாம் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நமக்குப் பின் வருபவர்களின் முகமும் நமக்குத் தெரியாது.

யா அல்லாஹ்! அறிந்தும் அறியாமலும் உன் அடியார்களுக்கு நாங்கள் செய்த தீங்குகளை மன்னிப்பாயாக. அவர்களின் ஹக்கை இவ்வுலகிலேயே நிறைவேற்றிவிட்டு உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.