முடியைக் காப்பதும் இரத்தத்தைக் கொடுப்பதும்

ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் மூன்று பேர் கதையை மதரஸாவில் ஓதியவர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் ஒருவர் வெண்குஷ்டக்காரர், ஒருவர் வழுக்கைத் தலையர், ஒருவர் பார்வையற்றவர். மலக்கு வந்து ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கிறார். வழுக்கைத் தலையர் அழகான முடி கேட்கிறார். சனங்கள் தன்னை அருவருக்கும் குறை நீங்க வேண்டும் என்கிறார். மலக்கு தலையைத் தடவ, முடி வந்துவிடுகிறது. கூடவே ஒரு சினைப்பசுவும் கிடைத்து, அது மந்தையாகப் பெருகுகிறது. பிற்பாடு அதே மலக்கு வழுக்கைத் தலையுள்ள ஏழை வழிப்போக்கராக வந்து ஒரு பசு கேட்கிறார். இவர் கையை விரித்துவிடுகிறார். தான் முன்பு இருந்த நிலையே நினைவில்லாதது போல, எல்லாம் பரம்பரையாக வந்த சொத்து என்கிறார். பொய் சொல்வதானால் அல்லாஹ் உன்னைப் பழையபடி ஆக்கட்டும் என்று சொல்லிவிட்டு மலக்கு போகிறார்.

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்ட எனக்கு இந்தக் கதை வெறும் கதை அல்ல. முடி நடலாமா என்று கேட்கிறவர்களுக்கு உலமாக்கள் இதன் முதல் பாதியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சவூதியின் ஷைக் இப்னு உஸைமீன் இந்த ஹதீஸை வைத்தே அனுமதி சொன்னார்: இது இல்லாத அழகைத் தேடுவதல்ல, படைத்தவன் கொடுத்திருந்து குறைந்துபோனதைத் திரும்பப் பெறுவது. 2007-ல் மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் முடி உதிர்வுக்கான சிகிச்சையை ஆகுமான வரிசையில்தான் வைத்தது. பிறர் முடியை ஒட்டவைப்பதற்கு இருக்கும் தடை, தன் பின்னந்தலை முடியை முன்னந்தலைக்கு மாற்றுவதற்குப் பொருந்தாது. இந்த அளவில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. என்னை யோசிக்க வைப்பது கதையின் இரண்டாம் பாதி. முடி வந்த பிறகு அதை எப்படி வைத்துக்கொள்வது?

காயல்பட்டினத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். நட்டுக்கொண்டு வந்தவர்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில் கடைக்கு ஓடி வருவார்கள். "காக்கா, நட்டதெல்லாம் கொட்டுதே!" கொட்டத்தான் செய்யும். இடம் பெயர்ந்த அதிர்ச்சியில் முடி விழும். வேர் உள்ளேயே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் துளிர்த்து, ஒரு வருடம் போலத்தான் முழு அடர்த்தி தெரியும். இதைப் புரியவைப்பது எளிது. புரியவைக்கச் சிரமமானது வேறொன்று: சிகிச்சை முடிந்த பிறகும் வழுக்கை நிற்பதில்லை. 1959-ல் நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதிக் காட்டியதுதான் இந்த வைத்தியத்தின் அஸ்திவாரம். பின்னந்தலை முடியை எங்கே கொண்டுபோய் நட்டாலும் பின்னந்தலையின் குணத்தோடுதான் வளரும். அதே கணக்கில், முன்னந்தலையில் முதலிலிருந்தே நிற்கும் முடியும் தன் குணத்தோடுதான் போகும். டிஎச்டி என்ற ஹார்மோன் அதன் வேரை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்க வைக்கும். நட்டது நின்று, சுற்றியிருப்பது போனால் நெற்றியில் ஒரு தீவு மட்டும் மிஞ்சும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் டாக்டர்கள் மினாக்ஸிடில் லோஷனும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையும் எழுதுகிறார்கள். நிறுத்தினால் சில மாதத்தில், அதிகம் போனால் ஒரு வருடத்தில், பலன் கரைந்துவிடும். ஆகவே இது ஆயுளுக்கும் போகும் விஷயம்.

மினாக்ஸிடில் விஷயத்தில் வழி கிடைத்தது. அதை உலர்ந்த தலையில் தடவி, நான்கு மணி நேரமாவது நனைக்காமல் விட வேண்டும். அஞ்சு வேளை ஒளு செய்கிறவனுக்கு அந்த நான்கு மணி நேரம் எங்கே கிடைக்கும்? இஷாவுக்குப் பிறகு ஒருமுறை தடவினால் சுபுஹு வரை இருக்கும். சுபுஹுக்குப் பிறகு தடவுவதை லுஹர் வரை விடலாம். இடையில் ஒளு முறிந்தாலும் நாங்கள் ஷாஃபிகள். தலையில் சில முடிகளை மஸ்ஹு செய்தாலே ஃபர்ளு நிறைவேறிவிடும். லோஷன் படாத பின்னந்தலையில் ஈரக்கையை வைத்து எடுத்துவிடுவேன். முடி உள்ளவர் அதைக் கண்ணியமாகப் பேண வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, டிராப்பரில் ஒரு மில்லி எடுத்து, வகிடு பிரித்து வகிடு பிரித்து விடும்போது அந்த ஹதீஸை நினைத்துக்கொள்வேன். இதைப் பெருமை என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாத்திரையில்தான் வழி அடைபட்டது. அது ஏன் என்று சொல்ல, அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். டொமினிகன் குடியரசில் சாலினாஸ் என்ற கிராமத்தில் சில ஆண் பிள்ளைகள் பிறக்கும்போது பெண் பிள்ளைபோல் தோற்றமளிப்பதும், பருவத்தில் ஆணாக வளர்வதும் உண்டு. ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற டாக்டரும் அவருடைய குழுவும் 1974-ல் காரணத்தை எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டியாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. அவர்கள் வளர்ந்த பிறகு பிராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, தலையும் வழுக்கை விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்துதான் ஃபினாஸ்டெரைடு. 1992-ல் அமெரிக்காவில் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-ல் முடிக்கு 1 மில்லிகிராமாகவும் அனுமதி பெற்றது. மருந்து வேலை செய்யும் இடம் எதுவோ, ஆபத்தும் அங்கேதான். வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு உருவாக டிஎச்டி வேண்டும். அதனால்தான் உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடவும் கூடாது என்கிறோம். அதனால்தான் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இரத்ததானம் செய்யக் கூடாது. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது போக வேண்டும். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறிவிடலாம்.

எங்கள் பக்கத்தில் இரத்தம் கேட்டு வரும் போன் பெரும்பாலும் பிரசவத்துக்குத்தான் வரும். கடையில் நிற்கிறவன் என்பதால் முதலில் என்னிடம் கேட்பார்கள். என்னுடையது ஓ நெகடிவ். ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி என்பது விதி; அந்த இடைவெளி முடியும் தேதியைக் கடை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பேன். மாத்திரைச் சீட்டை டாக்டர் நீட்டியபோது அந்த வட்டம்தான் கண்ணில் வந்தது.

ஹஜ்ரத்திடம் கேட்டேன். "தம்பி, இரத்தம் கொடுப்பது கிஃபாயா வகையில் வரும். வேறு ஆள் கிடைக்காத நேரத்தில்தான் உங்கள் தலையில் விழும். மாத்திரை சாப்பிடுவதால் குற்றவாளி ஆக மாட்டீர்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு மறைத்துக் கொடுத்தால் அது பெரிய விஷயம்" என்றார். சட்டம் அதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வழுக்கைத் தலையரிடம் மலக்கு கேட்ட பசுவை யோசித்துப் பார்க்கிறேன். முடியைக் கேட்டதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை, வைத்துக்கொண்டதற்காகவும் இல்லை. தான் முன்பு இருந்த நிலையிலேயே ஒருவன் வந்து நின்றபோது கொடுக்க மறுத்தார். எனக்குக் கிடைத்ததைக் காப்பதற்கு நான் செய்யும் காரியம், இன்னொருவருக்குக் கொடுக்கும் கையை மடக்கினால், அங்கே நிற்க வேண்டும் என்று என் மனது சொல்கிறது. மாத்திரையை நான் ஆரம்பிக்கவில்லை. லோஷனோடு நிறுத்திக்கொண்டேன். நெற்றியில் நட்டது உறுதியாக நிற்கிறது. உச்சியில் அடர்த்தி குறைந்துகொண்டு வருகிறது. இன்னொரு முறை நடலாம் என்று டாக்டர் சொல்கிறார். பின்னந்தலையில் எடுக்க எடுக்க ஊறுவதற்கு ஒன்றும் இல்லை, இருப்பு அவ்வளவுதான். அந்த யோசனையை ஒத்திப் போட்டிருக்கிறேன். உம்ராவுக்குப் போனால் முடியைக் குறைத்துக்கொள்ளாமல் மழித்துக்கொள்வதாக நிய்யத்து. வேர் தோலுக்குள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, சவரக்கத்தி அங்கே எட்டாது.

என் ராத்தா மகனுக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் பேசி முடிவாகியிருக்கிறது. போன வருடம் நட்டுக்கொண்டு, மாத்திரையும் சாப்பிடுகிறான். "மாமா, நீங்க விட்டுட்டீங்க, எனக்கு மட்டும் விக்கிறீங்களே" என்று கேட்டான். அந்த வயதில் உச்சியும் போய்விட்டால் அவனுக்கு உண்டாகும் மனவேதனை எனக்குத் தெரியும். அவன் தராசும் என் தராசும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாத்திரையால் சில பேருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனம் சோர்ந்துபோகலாம். அப்படி வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். பிற்காலத்தில் பிராஸ்டேட்டுக்காக பிஎஸ்ஏ பரிசோதனை எடுத்தால் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்ல வேண்டும், அது அளவை ஏறக்குறையப் பாதியாகக் காட்டும். வரப்போகும் பெண்ணுக்கும் தெரிய வேண்டும். எங்கள் ஊர் இரத்ததான முகாமின் கொடையாளர் பட்டியலில் அவன் பெயரை அவன் எதிரிலேயே அடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். சாயங்காலம் கூட்டாளிகள் இரண்டு பேரை அழைத்து வந்து அந்த இடத்தில் எழுதச் சொன்னான். அதில் ஒருவன் ஏ நெகடிவ்.