தந்தை வைத்த கடையை அடைக்கலாமா?

அம்பெய்யக் கற்றுக்கொண்டு பின்னர் அதைக் கைவிட்டவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்னும் கருத்துப்பட ஒரு நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை வாசக நேயர்கள் அறிவார்கள். சிறு பிராயத்தில் மதரஸாவில் உஸ்தாது அவர்கள் இதைச் சொல்லித் தந்தபோது, வில்லையே கண்ணால் கண்டிராத நமக்கு இதனால் ஆவதென்ன என்றிருந்தது. இப்போது நாற்பது வயதைத் தாண்டி, தகப்பனார் வைத்துவிட்டுப் போன பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருக்கையில், அதே ஹதீஸ் வேறு விதமாக மனத்தை அறுக்கிறது. கற்ற தொழிலை விடுவது குற்றமா? தந்தையின் கடையை மகன் அடைத்தால் அமானிதத்துக்கு மோசம் செய்தவனாவானா?

அந்த ஹதீஸ் வில்வித்தையைப் பற்றியதேயன்றிப் பலசரக்கைப் பற்றியதன்று என்பதை நாம் மறக்கவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை, நாமோ கடைக்காரர். ஆகவே, ஒரு கடையின் கதையைக் கொண்டே இதை யோசித்துப் பார்க்கிறோம். அதுவும் வில் கடைதான்.

சீனத்துப் பெய்ஜிங் நகரில், தோங்ஸி என்னும் பகுதியில், 'வில் அம்பு முற்றம்' என்று வழங்கிய இடமொன்று இருந்தது. அங்கே 17 வில் கடைகள் அடுத்தடுத்து நடந்து வந்தன. அவற்றுள் ஒன்று ஜூ யுவான் ஹாவ். மஞ்சு அரசர் காலத்தில் தோன்றியது. துப்பாக்கி வந்த பின்னரும் வில்லுக்கு ஒரு வாடிக்கை மிச்சமிருந்தது. படைத்துறைத் தேர்வு எழுதுவோர் குதிரை மீதிருந்து அம்பெய்தும் கனத்த வில்லை வளைத்தும் காட்ட வேண்டும். 1901-ல் அரசு அத்தேர்வை அடியோடு நிறுத்திவிட்டது. அதன் பின் அந்த முற்றத்துக்கு யார் வருவார்?

பரம்பரையாக அக்கடையை நடத்திய குடும்பத்தின் கடைசி வாரிசு அபினுக்கு அடிமைப்பட்டார். 40 வெள்ளி நாணயங்களுக்குக் கடையை விற்றுவிட்டார். வாங்கியவர் யாங் ருய்லின் என்னும் வில் தொழிலாளி. அவர் கடைக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை; பழைய பெயரையே வைத்துக்கொண்டு தொழிலை நடத்தினார். இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இரத்த உரிமையுள்ளவர் புகைத்துத் தீர்த்ததை, காசு கொடுத்து வாங்கிய அந்நியர் காப்பாற்றினார். அமானிதம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், நாம் யாங்கின் பக்கமே கையைக் காட்டுவோம்.

அவருக்குப் பின் அவர் மகன் யாங் வென்தொங். 1950-களில் சீனத்துத் தனியார் கடைகளெல்லாம் கூட்டுறவில் சேர்க்கப்பட்டன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் வில் செய்வதே நின்றுபோயிற்று. வென்தொங் தச்சு வேலைக்குப் போனார். அவரைக் குற்றவாளி என்போமா? பிள்ளைகளுக்குச் சோறு போடாமல், பெயர்ப்பலகைக்குச் சாம்பிராணி போட்டுக் கொண்டிரு என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்?

ஆனால் அந்தக் கை என்னவெல்லாம் அறிந்திருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த வில் ஒரே மரத்தில் செய்வதன்று. நடுவில் மூங்கில், எய்பவர் முகம் பார்க்கும் பக்கத்தில் எருமைக் கொம்பைச் சீவி ஒட்ட வேண்டும், மறுபக்கத்தில் மாட்டின் நரம்பை அடித்து நாராகக் கிழித்து, பசையில் தோய்த்து, படிந்து காய்ந்த பின் மறுபடியும் ஒட்ட வேண்டும். பசையோ மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுப்பது. அவசரப்பட்டால் வில் பிரிந்துவிடும். ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் செல்லும். எந்த ஏட்டைப் பார்த்தும் இந்தப் பதம் வருவதில்லை. விரல்தான் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ நாற்பது வருஷம் கழித்து, 1998-ல், முதியவரான வென்தொங் மறுபடி வில் செய்யத் தொடங்கினார். உடன் உட்கார்ந்து கற்றவர் அவர் மகன் யாங் ஃபூஷி. அதற்கு முன் டாக்சி ஓட்டியவர். 2006-ல் சீன அரசு அக்கலையை நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பூட்டிய கடை மகனின் கையில் திறந்தது. அம்முற்றத்தின் மற்ற 16 கடைகளுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இதையெல்லாம் நாம் ஏன் எழுதுகிறோம் என்றால், நமது வரிசையில் கைலிக் கடை வைத்திருந்த நானா ஒருவர் நோன்புப் பெருநாளுக்குப் பின் கடையை அடைத்துவிட்டார். அவருடைய வாப்பா வைத்த கடை. அஸர் தொழுதுவிட்டு வருகையில் அஞ்சடியில் நம்மை நிறுத்தி, "தம்பி, வாப்பாவுக்குத் துரோகம் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். "நஸீபு நானா, மனசைத் தேத்திக்கிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். யாருக்கும் சொல்லக்கூடிய பதில் அது. அன்றிரவு நமக்கே வெட்கமாக இருந்தது.

நானா கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, எந்த ஊர்த் தறி, எத்தனை தடவை துவைத்தால் சாயம் போகும் என்று சொல்லுவார். அதை அவர் எவருக்கும் சொல்லித் தரவில்லை, கேட்பாரும் இல்லை. கடையை அடைத்ததில் குற்றமில்லை என்பதே நமது அபிப்பிராயம். அந்த விரலின் அறிவு அவரோடு போய்விடுமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதில் அவர் மட்டுமா பொறுப்பு? பக்கத்துக் கடையில் இருபது வருஷம் இருந்த நாமும் ஒரு நாள் கேட்டதில்லை.

அம்பை நன்னோக்கத்தோடு செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் ஆகிய மூவருக்கும் நற்கூலி உண்டு என்னும் கருத்தில் வேறொரு நபிமொழியும் இருக்கிறது. எடுத்துக் கொடுப்பதே பிழைப்பாகிய நமக்கு அந்த மூன்றாமவர் மேல் எப்போதும் ஒரு தனிப் பிரியம்.

நமது மகன் என்ஜினியராக வேலை பார்க்கிறான். கடைக்கு வரமாட்டான், வரச் சொல்லவும் நமக்கு மனமில்லை. என்றாலும் சென்ற ஞாயிற்றுக்கிழமை அழைத்து, இரண்டு சாக்கைப் பிரித்து, அரிசியைக் கையில் அள்ளிக் கொடுத்தோம். எது பழைய அரிசி, எது புதியது என்று கேட்டதற்கு இரண்டு தடவை தவறாகச் சொன்னான். பல்லில் கடித்துப் பார்க்கச் சொன்னோம். கடித்துக்கொண்டே, "கடையை மூடப் போறீங்களா வாப்பா?" என்றான்.

மூன்றாவது சாக்கையும் பிரிக்கச் சொன்னோம்.