தொலைவும் கடமையும்

தொலைவை மனிதன் இருவகையாக அளக்கிறான். ஒன்று நிலத்தின் அளவு. மற்றொன்று காலத்தின் அளவு. நிலத்தின் அளவு மாறுவதில்லை. காலத்தின் அளவோ தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கி வருகிறது. அதனோடு மனிதனின் கடமையும் சுருங்குமா, பெருகுமா என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

கடாரம் எனத் தமிழர் வழங்கிய கெடா மண்ணுக்கு இவ்வினா புதிதன்று. பூஜாங் பள்ளத்தாக்கை நாடி வந்த பண்டைய வணிகர், தாயகம் மீளப் பருவக்காற்றுத் திசை மாறும்வரை திங்கள் கணக்கில் காத்திருந்தனர். நீராவிக் கப்பல் வந்தபின் அக்காத்திருப்பு ஒழிந்தது. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியோரை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கில் சேர்த்தது. அவ்வழி வந்தோர் பலர் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்தனர்.

அந்நாளில் தாய் மறைந்த செய்தி லயத்து வாசலை எட்டுமுன்பே ஊரில் ஈமச்சடங்கு முடிந்திருக்கும். உடனே கப்பல் கிடைத்தாலும் ஒரு வாரம் கடலிலேயே கழியும். பெறுகின்ற கூலியோ கப்பற் கட்டணத்துக்குக் காணாது. மகன் தலைமுழுகி, இருந்த இடத்திலேயே அழுது அடங்கினான். உலகம் அவனைப் பழிக்கவில்லை. 'இயலவில்லை' என்று அவன் கூறியபோது கடல் அதற்குச் சான்றாக நின்றது.

இன்று கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு சுமார் 2,600 கிலோமீட்டர். விமானம் அதனை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. மலேசிய நேரம் இந்திய நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. ஆதலின் இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டவர் சென்னையில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் பத்தரை காட்டும். 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்தும் சென்னைக்கு நேரடி விமானச் சேவை தொடங்கியது.

அதே நான்கு மணி நேரத்தில், கோலாலம்பூரில் பணிபுரியும் மகன் நெடுஞ்சாலை வழியே சுங்கை பட்டாணிக்கு வந்துவிடலாம். அங்கே, அவனைப் படிக்கவைத்த தாய் தோட்டத்து வீட்டில் தனித்திருக்கிறாள். விடுமுறையில் அவன் கடல் கடந்து கோயில்களைக் கண்டு வருகிறான். தாயின் வாசலுக்கோ தீபாவளியன்று மட்டுமே வருகிறான். கேட்டால், 'நேரமில்லை' என்கிறான்.

நேரமின்மை பொய்யென்று எல்லாரையும் கடிந்துரைத்தல் நேர்மையாகாது. விடுப்புக் கிடைக்காத தொழிலாளியும், வழிச்செலவுக்கு எண்ணிப் பார்க்கும் குடும்பத்தானும் இன்றும் உளர். அவர்களுக்கு நெடுஞ்சாலையும் பழைய கடலே ஆகும். ஆயின், செல்ல இயன்றும் செல்லாதவன் நிலை வேறு. பாட்டனுக்குத் தடையாக இருந்தது பேரனுக்குச் சாக்காகிவிட்டது. இரண்டையும் பிரித்தறியும் நீதிபதி அவனது மனச்சான்றே.

ஆகவே, வேகம் கடமையைக் குறைப்பதில்லை. அதனைத் தட்டிக்கழிக்கும் வாய்ப்பையே குறைக்கிறது. விமானத்தின் வேகத்தைக் கணக்கிடக் கற்கும் மாணவர், தம் இல்லத்து முதியோரிடம் சென்றுசேர எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பாராக.