கடைசியாகத் தொட்டவன்

ஒரு பொருள் பழுதானால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி "என்ன நடந்தது?" என்பதல்ல. "ஆர் கடைசியாத் தொட்டது?" என்பதுதான். ஊரில் கிணற்றுக் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்தாலும் இதே கேள்வி. இங்கே குசினியில் கோப்பை கழுவும் மெசின் நின்றுபோனாலும் இதே கேள்வி. இக் கேள்வியில் ஒரு வசதி இருக்கிறது: விடையாக வருவது எப்போதும் ஒரு மனிதன். கயிறு எத்தனை மாரிக்கு நனைந்தது, எத்தனை கோடைக்குக் காய்ந்தது என்று எவரும் எண்ணிப் பார்க்கவேண்டியதில்லை.

இதைப்பற்றி எழுத எனக்குக் காரணமாக இருந்தது ஒரு பழைய கணணி. 2017 டிசம்பரில், பாரிசுக்கு வெளியே லா கூர்நெவ்வில் நான்குபேர் இருக்கும் ஒரு அறைக்குக் குடிபோனேன். அங்கே ஒரு கட்டில் காலியாகி மூன்று நாள். காலியான காரணத்தை முதல்நாளே சொன்னார்கள். அதில் படுத்த தம்பி (பெயர் வேண்டாம், வயது 22) அறையின் கணணியைப் பழுதாக்கிவிட்டானாம். "இரவிரவா கண்ட கண்ட படமெல்லாம் இறக்கி வைரஸ் ஏத்திப்போட்டான்" என்றார் அறையில் மூத்த அண்ணை. திருத்துகிற செலவுக்கென்று அவனிடம் 50 யூரோ வாங்கியிருந்தார்கள். அவன் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, ஒரு கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டான். போனான் என்பதா, போகவைக்கப்பட்டான் என்பதா என்பது கேட்கிறவரைப் பொறுத்தது.

கணணி அப்படியொன்றும் பெரிய சாமானல்ல. பழைய சாமான் விற்கும் சந்தையில் வாங்கிய, 2008 அளவில் செய்த ஒரு பெட்டி. ஆனால் அதற்குள் அண்ணையின் மகளின் சாமத்தியப் படங்கள் இருந்தன. இன்னொருவரின் அகதி வழக்குக் கடிதங்கள் இருந்தன. ஊரில் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடில்லை என்பவருக்கு அந்த வீட்டின் படம் இருக்கிற பெட்டி வெறும் பெட்டியல்ல. அவர்களுடைய கோபம் எனக்கு விளங்கியது.

நோய் இதுதான். காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறிகள் இரண்டு செக்கன் சுற்றி நின்றுவிடும். மறுபடி அழுத்தினாலும் அதேதான். மூன்றாம், நான்காம் தடவையில் ஏதோ மனமிரங்கியதுபோல எழும்பும். எழும்பிவிட்டால் பிறகு நாள்முழுக்க ஒரு குறையுமில்லை. அவன் போனபிறகு ஒன்பது நாள் இந்தப் பிரச்சினை வரவேயில்லை. "பாத்தியளே?" என்றார்கள். பத்தாம் நாள் கட்டிடத்தில் மின்சாரம் நின்று வந்தது. அடுத்தநாட் காலை பழையபடி இரண்டு செக்கன்.

கணணி எழும்புவது ஒரு ஒழுங்கில் நடக்கிற காரியம். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மூளையல்ல, பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ற்றுகளாக மாற்றித் தருகிறது. அவை நிலைப்பட்டபின், அரைச் செக்கனுக்குள், "மின்சாரம் சரி" என்று தனியொரு கம்பியில் தகவல் அனுப்புகிறது. அதுவரைக்கும் புரொசெசரை நித்திரையில்தான் வைத்திருப்பார்கள். தகவல் வந்ததும் அது கண்விழித்து, தனக்கென்று குறித்துவைக்கப்பட்ட ஒரேயொரு முகவரிக்குப் போகிறது. 4 கிகாபைற் எல்லைக்கு 16 பைற் கீழே உள்ள முகவரி அது. அங்கே மதர்போட்டிலுள்ள சின்னச் சில்லில் பயோஸ் இருக்கிறது. பயோஸ் றாமைத் தட்டிப் பார்க்கிறது, திரையைத் தேடுகிறது, குறையென்றால் கீச்சிடுகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அது ஹாட் டிஸ்க்கின் முதல் 512 பைற்றை வாசிக்கிறது. வைரஸ், படம், பாட்டு எல்லாம் இருப்பது அந்த டிஸ்க்கில்.

இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் அந்தத் தம்பிக்கு வேறு சாட்சி தேவையில்லை. பழுது நடப்பது இரண்டாவது செக்கனில், முதற் கீச்சுக்கும் முன்னால். டிஸ்க்கை எவரும் அப்போது வாசிக்கத் தொடங்கவில்லை. வாசிக்கப்படாத ஒன்றில் எழுதியிருப்பது எப்படிக் கதவை மூடும்? நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: பயோசையே அழித்த வைரஸ் ஒன்று இருந்தது. 1998இல் வெளிவந்து 1999 ஏப்ரில் 26இல் பல கணணிகளைச் சாகடித்தது. அது விண்டோஸ் 95, 98 காலத்துக் கணணிகளோடு போயிற்று. அதோடு, பயோஸ் அழிந்த கணணி நான்காம் தடவையும் எழும்பாது.

இதை நான் சொன்னபோது அண்ணை கேட்டது நல்ல கேள்வி. "அப்ப ஏன் அவன் இருக்கேக்க வந்தது, போனாப்பிறகு ஒன்பது நாள் வரேல்லை?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன் நான். அதற்குள் அளவையியலில் காதில் விழுந்த சில சொற்கள் கோப்பைகளுக்கு மேலால் அவ்வப்போது ஞாபகம் வரும். அந்நுவயம், வெதிரேகம் என்பன அவற்றில் இரண்டு. இது இருந்தால் அது இருக்கும். இது இல்லையேல் அது இல்லை. இரண்டையும் பார்த்தாலொழியக் காரணம் என்று சொல்லக்கூடாது. 1843இல் மில் எழுதியதும் ஏறத்தாழ இதையேதான். ஹியூம் அவருக்கு நூறு வருடத்துக்கு முன்னமே, ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் நாம் காண்கிறோம், ஒன்றால் ஒன்று வருவதைக் காண்பதில்லை, இடையிலுள்ள முடிச்சு எம் மனப்பழக்கம் போடுவது என்று சொல்லியிருந்தார். பனைமரத்தில் காகம் இருக்கப் பழம் விழுந்த கதை தெரிந்த எங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் காகத்தைக் கல்லெறிந்து கலைத்தபிறகு ஒன்பது நாள் பழம் விழாமலிருந்தால் என்ன செய்வது? அப்போது கதையைச் சொன்னவரே காகத்தைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்.

விசாரித்ததில் விடை தெரிந்தது. தம்பி போனபிறகு, இனியும் பழுதாகிவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் கணணியை நிற்பாட்டவேயில்லை. ஒன்பது நாளும் இரவுபகலாக ஓடியபடியே இருந்திருக்கிறது. நிற்பாட்டாத கணணிக்கு எழும்புவதில் என்ன கஷ்டம்? அவன் குற்றவாளி என்பதற்கு அவர்கள் காட்டிய அத்தாட்சி அவர்களுடைய பயம் செய்த அத்தாட்சி.

பிறகு நான் கழற்றத் தொடங்கினேன். இரவு ஒருமணிக்கு வேலையால் வந்து ஆயத்தப்படுத்துவது, காலையில் குளிரக் குளிர அழுத்திப் பார்ப்பது. முதலில் றாம் இரண்டையும் கழற்றிவிட்டு அழுத்தினேன். மூன்றாம் தடவையில் விசிறி நின்றுபோகாமல் சுற்றியபோது மதர்போட் விடாமல் கீச்சிட்டது. நல்ல சகுனம். றாம் இல்லையென்று முறையிடுகிற அளவுக்கு அதற்கு உயிர் இருக்கிறது. றாமின் பித்தளைநிற விளிம்புகளை அழிறப்பரால் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். குறை றாமில் இல்லை. டிஸ்க், சீடீ எல்லாவற்றையும் கழற்றினேன். நோய் அப்படியே இருந்தது. மிச்சம் பவர் சப்ளை. பச்சைக் கம்பியைக் கறுப்போடு தொடுத்தால் அது தனியாகச் சுற்றும். சுற்றியது. ஆனால் பாரமில்லாமல் சுற்றுவது ஒன்றையும் நிரூபிக்காது. லா ஷப்பலில் ரெலிபோன் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் இன்னொரு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் போட்டேன். மூன்று காலையும் முதல் அழுத்தலிலேயே எழும்பியது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் விசாரணையை முடித்துவிடுவார்கள். முடிக்கக்கூடாது. கழற்றிப் பூட்டும்போது இளகியிருந்த ஒரு இணைப்பு தானாக இறுகியிருக்கலாம், குணம் அதனால் வந்திருக்கலாம். ஆகவே பழையதைத் திருப்பிப் போட்டு, நோயும் திரும்பி வருகிறதா என்று பார்க்கவேண்டும். போட்டேன். அடுத்த மூன்று காலையும் இரண்டு செக்கனில் நின்றது. அதன்பிறகே அதைக் குற்றவாளி என்றேன். காற்றுத் துவாரத்தினூடு ரோச் அடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தது. (பெட்டியைத் திறக்கவேண்டாம். வயரைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.) அவற்றுக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் காய்கிறது. குளிரில் அவற்றின் தடை கூடுகிறது. இரண்டு மூன்றுதரம் மின்சாரம் பட்டுச் சற்றுச் சூடேறினால் வேலைசெய்கின்றன. அதனால்தான் காலையில், அதனால்தான் டிசம்பரில்.

சந்தேகப்படுவது பிழையென்று நான் சொல்லவரவில்லை. சந்தேகப்படாமல் ஒன்றையும் திருத்தமுடியாது. ஆனால் பழுது பார்க்கிறவனின் சந்தேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒருநேரத்தில் ஒன்றைத்தான் கழற்றுவான். கழற்றியதைக் கவனமாக ஒருபக்கம் வைப்பான். குறை அதில் இல்லையென்றால் அது இருந்த இடத்திலேயே திருப்பிப் பூட்டுவான். மனிதரைச் சந்தேகிக்கும்போது எங்களிடம் இல்லாதது இந்தத் திருப்பிப் பூட்டல். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது நாலு வயது. சிலர்மேல் வந்த சந்தேகத்துக்காக ஒரு முழுச் சனத்தையும் கழற்றி வெளியே வைத்தது அது. பிறகு வந்த வருடங்களில் திரும்பி வந்தவர்கள் தங்கள் பாட்டில் திரும்பி வந்தார்கள். கழற்றியதற்காக வெட்கப்பட்டு ஊராக எழுந்துபோய் அவர்களைக் கூட்டிவந்தோமா?

இன்னொன்று. அந்தக் கணணி, மின்சாரம் நின்று எழும்பிய ஒவ்வொரு முறையும் திகதியை 2008 ஜனவரி 1 என்று காட்டியது. "திகதிகூடப் பொய் சொல்லுது" என்றார் ஒருவர். திகதியை வைத்திருப்பது மதர்போட்டிலுள்ள 3 வோல்ற் பொத்தான் பற்றரி. அது தீர்ந்தால் கணணிக்கு நேரமும் பயோசின் அமைப்புகளும்தான் மறக்கும். படங்களும் கடிதங்களும் இருப்பது வேறிடத்தில், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இதை வாசிக்கிறவர்களில் பலர் அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்தவர்கள். முதல் விசாரணையில் ஏப்ரல் என்றீர்கள், இப்போது மே என்கிறீர்கள், ஆகவே நீங்கள் சொல்வதை நம்பமுடியாது என்று எழுதிய கடிதம் எங்கள் பலரிடம் இருக்கிறது. 2009இன் ஏப்ரலையும் மேயையும் பங்கருக்குள் இருந்தவன் எதைவைத்துப் பிரிப்பான்? திகதி தவறியவனின் பிணங்கள் தவறவில்லை.

எங்கள் அறைக் கதைக்கு வருகிறேன். தம்பி ஏன் எப்போதும் கடைசியாகத் தொட்டவனாக இருந்தான்? இளையவன் என்பதால். மாலையில் அண்ணைமார் ஊரோடு கதைப்பார்கள், செய்தி பார்ப்பார்கள். அவனுடைய முறை வர இரவு ஒன்று இரண்டாகும். நிற்பாட்டிவிட்டுப் படுக்கிறவனும் அவனே. ஆகவே ஒவ்வொரு காலைப் பழுதுக்கும் முந்தியது அவனுடைய கை. குசினியிலும் இப்படித்தான். ஒரு கோப்பை பத்துக் கையால் போய்வரும், வெடிப்பு வெளிப்படுவது கழுவுகிறவனின் கையில். கடைசியாகத் தொடுவது தற்செயலல்ல. கீழே நிற்பவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அது.

பழைய பவர் சப்ளை ஒன்று 15 யூரோவுக்குக் கிடைத்தது. வீங்கிய கொள்ளளவிகளை அண்ணைக்குக் காட்டினேன். நீண்டநேரம் பார்த்தார். "சரி, வைரஸ் இல்லை எண்டு வை. எண்டாலும் அவன் ஒழுங்கான பெடியன் இல்லை" என்றார். குற்றம் விழுந்ததும் ஆள் நிரபராதியாவதில்லை, அவனுக்கு வேறு குற்றம் தேடவேண்டியிருக்கிறது. ஆனாலும் அவர் கெட்ட மனிதரல்ல. அடுத்த கிழமை 50 யூரோவை எடுத்துத் தந்து அவனிடம் சேர்ப்பிக்கச் சொன்னார். காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது என்பது அவருடைய எண்ணம்.

முடியவில்லை. காசு போனது ஒருவரிடமிருந்து, திரும்பியதும் ஒருவருக்கு. சொல் அப்படியல்ல. அவன் வேலைகேட்டுப் போன ஒரு றெஸ்ரோரன்டில் "அந்தக் கொம்பியூட்டர் உடைச்ச பெடியனோ?" என்று கேட்டிருக்கிறார்கள். இதைப் போய்த் திருத்தவேண்டியது யார்? சொன்னவரா, உண்மை தெரிந்தவரா? சொன்னவர்தான் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் நான் போய்ச் சொன்னால் அது இன்னொரு கதை, அவர் போய்ச் சொன்னால்தான் முதற்கதை திரும்பப் பெறப்படும். அவர் போகமாட்டார் என்று தெரிந்தபின் நான் போனேன். பவர் சப்ளை, கொள்ளளவி, குளிர் எல்லாவற்றையும் அந்த முதலாளிக்கு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"அப்ப உடைச்சது ஆர்?"