சப்தமும் மமகாரமும்

ஒலிப்பதிவு மென்பொருளுக்கு இயைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் எது என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் எத்தனை மைக் செருகலாம், எத்தனை பிட் என்னும் கணக்கோடு முடிந்துவிடுகிறது. ஆயினும், சப்தம் நித்தியமா அநித்தியமா என்று இந்தியத் தத்துவ மரபினரான மீமாம்ஸகரும் நையாயிகரும் நெடுங்காலம் நிகழ்த்திய வாதத்தின் ஒரு கிளை அக்கேள்வியின் அடியில் ஓடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

புரோ டூல்ஸ் என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் தனக்கென வகுத்த கருவிகளோடு மட்டுமே இயங்கிய காலம் 2010-இல் அதன் ஒன்பதாம் பதிப்போடு ஒழிந்தது. இன்று இயைபு என்பது முக்கியமாக, கருவியையும் கணினியையும் இணைக்கும் நிரலான டிரைவரைப் பற்றிய விஷயம். ஆப்பிள் கணினியில் கோர் ஆடியோ இயல்பாகவே அமைந்திருக்க, விண்டோஸில், ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 1997-இல் வெளியிட்ட ஆசியோ முறைக்கு இணங்க, கருவியைச் செய்தவர்களே எழுதிய செம்மையான டிரைவர் உண்டா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பாடுபவரின் குரல் எண்களாகிக் கணினிக்குள் புகுந்து மீண்டும் ஒலியாகி அவர் ஹெட்போனை அடைவதற்குள் பஃபர் என்னும் தற்காலிகச் சேமிப்பில் காத்திருக்கிறது. வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கையில், 128 மாதிரிகள் கொள்ளும் பஃபர் ஒரு வழிக்கு ஏறக்குறைய 2.7 மில்லிவினாடியும், 1,024 கொள்வது 21 மில்லிவினாடிக்குச் சற்று மேலும் எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவதற்கும் அவ்வளவே. டிரைவர் சரியில்லையேல், சிறிய பஃபரில் ஒலி படபடவென்று வெடிப்பதால், பெரியதையே நாட வேண்டியதாகிறது.

இந்தத் தாமதம் அந்தப் பழைய வாதத்தைத் தொடுகிறது. நேற்றுக் கேட்ட ககாரத்தையே இன்றும் கேட்கிறோம் என்னும் பிரத்யபிஜ்ஞையை, அதாவது மீளறிவை, எழுத்தொலிகளான வர்ணங்கள் நித்தியம் என்பதற்குச் சான்றாகக் காட்டினர் மீமாம்ஸகர். அது ஒப்புமையால் எழும் மயக்கமே, தோன்றுவது அழிகிறது என்றனர் நையாயிகர். ஐந்தாறு மில்லிவினாடியில் திரும்பிவரும் குரலைத் தன்னுடையதென்றே ஐயமின்றி ஏற்கும் பாடகி, அதுவே நாற்பதைத் தாண்டி வருமாயின், முதுகுக்குப் பின்னின்று யாரோ தன்னைப் பரிகசிப்பதுபோல் தடுமாறி, தாளத்தையும் விட்டுவிடுகிறாள். எண்களில் ஒன்றேனும் மாறவில்லை. மீளறிவு காலத்தைச் சார்ந்தது, ஆகவே நையாயிகரே வென்றார் என்று சொல்லிவிடலாமா? நான் அவ்வாறு கருதவில்லை. மீமாம்ஸகர் நித்தியம் என்றது வர்ணத்தையே அன்றி, அதை வெளிப்படுத்தும் த்வனியை அன்று. விளக்கின் நடுக்கம் குடத்தின் குறையாகாது என்பது அவர் கட்சி. பிந்தி வந்த குரலிலும் பாடகி ககாரத்தைக் ககாரமென்றே அறிகிறாள். அவள் இழப்பது ‘என்னுடையது’ என்னும் மமகாரத்தை. நாற்பது மில்லிவினாடியில் கலைந்துபோகும் இந்த மமகாரம் ஆன்மாவோடு பிறந்த உறவாக இருத்தல் இயலாது; தொண்டையின் அசைவும் செவியின் கேள்வியும் ஏககாலத்தில் நேர்வதால் உண்டாகும் பழக்கமே அது என்று கொள்வதுதான் பொருத்தம். (பிரத்யபிஜ்ஞையைப் பற்றி அத்தனை நுட்பமாக வாதித்தவர்கள், தன் குரலைத் தானே பிந்திக் கேட்கும் நிலையை ஆராய வாய்ப்பில்லாமற் போனது ஒரு குறைதான்.)

கணினியின் வழியே செலுத்தாமல், மைக்கின் ஒலியை நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி இன்று மலிவான கருவிகளிலும் காணப்படுகிறது. அவ்வழியில் தாமதம் அநேகமாக இல்லை. ஆனால் மென்பொருள் சேர்க்கும் எதிரொலி முதலிய அலங்காரங்களும் இல்லை. அலங்கரித்த குரலைக் கேட்டுக்கொண்டே பாட விரும்புவோர், தாம் பயன்படுத்தும் மென்பொருளிலேயே 128 மாதிரிகள் கொண்ட பஃபரில் பாடிப் பார்த்த பின்னர்க் கருவியை வாங்குதல் நலம்.