ஊசி எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. மாநிலமே பதறியது. கிராமத்துக்குள் வந்து ஊசி போடும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போட்டால் போதும் என்றானது. பெற்ற வயிறுகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், பழையபடியே தொடரலாம் என்று எந்த அதிகாரியாலும் வாய் திறந்து சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வேறு. அதுவரை தெருமுனை அங்கன்வாடியில் கிடைத்த ஊசிக்கு அதன்பின் பஸ் ஏற வேண்டியிருந்தது. கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. களையெடுக்கப் போகும் பெண்ணுக்கோ ஒரு நாள் கூலி போகும். மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி வரும். போன இடத்தில் "அடுத்த வாரம் வாம்மா" என்று சொல்லிவிட்டால் இன்னொரு கூலியும் போகும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் சுமார் 81 சதவீதம். 2015-16இல் அது 70 சதவீதத்துக்கு இறங்கியது. இறக்கம் முழுவதையும் ஒரே ஆணையின் தலையில் கட்டுவது நியாயமல்ல. அதற்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறைப்பதும் நியாயமல்ல. 2019-21 கணக்கெடுப்பில் விகிதம் 89ஆக ஏறியிருப்பது மனதுக்கு ஆறுதல்.

இங்கேதான் அறம் சார்ந்த சிக்கல் இருக்கிறது. ஊசி போட்டபின் இறந்த குழந்தைக்குப் பெயர் உண்டு, படம் உண்டு, பொறுப்பேற்க ஓர் அலுவலகம் உண்டு. ஊசி எட்டாததால் மூன்று வருடம் கழித்துத் தட்டம்மையும் நிமோனியாவும் கண்டு போகும் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. காய்ச்சல் கொண்டுபோயிற்று, விதி என்பார்கள். எந்தக் கோப்பிலும் அந்தச் சாவு ஓர் ஆணையோடு சேர்த்து எழுதப்படுவதில்லை. நம் கையால் நேர்ந்த தீங்குக்கு அஞ்சுவது நல்ல குணம்தான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டதால் நேர்ந்த தீங்கைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால், அந்த அச்சம் காப்பது குழந்தையை அல்ல, அலுவலரை.

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏழைக் குழந்தை என்பதற்காகக் கவனக்குறைவான ஊசியை ஏற்கச் சொல்வது பெரிய அநியாயம். தடுப்பூசியால் வரும் கடும் ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் நேர்வது. நேர்ந்தால் உடனே அட்ரினலின் போட்டாக வேண்டும். அதைச் செய்யக் கிராம சுகாதார செவிலியருக்குப் பயிற்சி தரலாம். போட்டபின் அரை மணி நேரம் குழந்தையை உட்கார வைத்துப் பார்க்கலாம். மருந்தோடு பாதுகாப்பும் ஊருக்குள் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திரும்ப எடுத்துப் போவதால் ஆபத்து குறைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்கு மாறிப்போகிறது, அவ்வளவுதான்.

ஊருக்குள் வந்தால் மட்டும் போதுமா? செவிலியரின் குளிர்பெட்டியில் இருக்கும் தட்டம்மை மருந்து, குப்பியில் தூளாக இருக்கும். ஒரு குப்பி பல குழந்தைகளுக்கானது. கரைப்பானைச் சேர்த்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் விதி. ஆனால் வீணடிப்புக் கணக்கு கேட்கும் மேலிடத்தை நினைத்து, இன்னும் நாலு பேர் வரட்டும் என்று காக்கத் தோன்றுவது இயல்பு. அந்தக் காத்திருப்பில் திரும்பிப் போகும் தாய் மறுபடி வருவாள் என்பதற்கு உறுதி இல்லை. கொட்டப்பட்ட மருந்துக்காகச் செவிலியரைக் கடிந்துகொள்ளும் அதிகாரி, திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை எத்தனை என்று கேட்டிருக்கிறாரா?

தட்டம்மையைப் பொறுத்தவரை, ஊரில் 95 சதவீதம் பேருக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் பரவல் அடங்கும். ஒன்பது மாதம் நிரம்பாத சிசுவுக்கு இந்தியாவின் வழக்கமான அட்டவணையில் இந்த ஊசி இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கும் போட முடியாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குக் காப்பு. அதனால்தான் ஊசியை மறுக்கும் பெற்றோர்மேல் நமக்குக் கோபம் வருகிறது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தயங்கியவர்கள்மேலும் அந்தக் கோபம் வந்தது. அது தவறில்லை. ஆனால் மறுத்தவர்களையும் எட்டாதவர்களையும் ஒரே பட்டியலில் எழுதிக் கடிந்துகொள்வது தவறு. கட்டாயப்படுத்தலாமா என்று விவாதிக்கும் உரிமை, வாசல்வரை கொண்டுபோன அரசுக்குத்தான் உண்டு.

அதே திருவள்ளூரின் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை பார்க்கின்றன. மழைக்காலம் நெருங்கினால் ஊர் திரும்பிவிடுவார்கள். முதல் தவணை இங்கே விழுந்தால் ஒன்றரை வயதில் போட வேண்டிய இரண்டாவது தவணை பெரும்பாலும் அங்கே. தடுப்பூசி அட்டை சாமான் மூட்டையில் தொலைந்திருக்கும், செவிலியர் பேசும் தமிழ் தாய்க்குப் புரியாது. இப்படிப்பட்ட குழந்தையைத் தேடி, சூளை வேலை ஓய்ந்த மாலை நேரத்தில் ஒரு செவிலியரும் ஒடியா தெரிந்த ஒருவரும் போக வேண்டும். அட்டை இல்லையென்றால் போடாத குழந்தையாகக் கொண்டு ஊசி போட வேண்டும். இதற்கு ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு நகரத்துக் குழந்தைக்கு ஆவதைவிடப் பல மடங்கு கூடும். அந்தக் கூடுதல் தொகையைத் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதிக் கேட்க வேண்டும், ஒவ்வொரு வருடமும்.