வென்றவன் கண்ட உண்மை

போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுக்கும். கலிங்கத்துப்பரணியின் சந்த நயத்தை நாம் மாணவியர்க்குப் பல்லாண்டு கற்பித்துள்ளோம். அந்நயத்தில் மயங்காதார் இலர். ஆயினும், வீழ்ந்த உயிர்கள் செய்த குற்றம் யாது என்னும் வினாவைப் பரணி எழுப்புவதில்லை.

அவ்வினாவை எழுப்பும் கதைகள் உள. ஜெர்மானியரான ரெமார்க் முதல் உலகப் போரில் களம் கண்டவர். 1929-இல் நூலாக வெளிவந்த அவருடைய நாவலில், பள்ளி ஆசிரியரின் வீரவுரையால் உந்தப்பட்ட மாணவர்கள் படையிற் சேர்ந்து, ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். ஆசிரியப் பணி புரிந்த நம் போன்றோர் நெஞ்சைச் சுடும் பகுதி அது. 1933-இல் நாஜிகள் அந்நூலைத் தீயிலிட்டனர்.

இத்தகைய கதைகள் நாட்டைக் காக்கும் வீரரை இழிவுபடுத்தாவோ எனச் சிலர் வினவலாம். இதற்கு விடை நம் திருத்தக்கதேவரிடமே உண்டு. சீவகன் செய்தது அறப்போர். தந்தை சச்சந்தனைக் கொன்று நாட்டைக் கவர்ந்த கட்டியங்காரனையே அவன் வென்றான். வெற்றியோடு காவியம் முடிந்திருக்கலாம், முடியவில்லை. பின்னொரு நாள் சோலையில், குரங்கின் கையிலிருந்த பலாப்பழத்தைக் காவலன் பறித்து உண்பதைச் சீவகன் காண்கிறான். பழத்தை இழந்த குரங்கில் கட்டியங்காரனையும், பறித்த காவலனில் தன்னையும் காண்கிறான், அரசைத் துறக்கிறான். அவனை எவரும் பழிக்கவில்லை. வென்றவனே தன் வெற்றியை எடைபோட்டான்.

இல்லறத்தார் தற்காப்பிற்காகச் செய்யும் எதிர்ப்பை 'விரோதி இம்சை' என நம் அறநூல்கள் தனியே வகுத்தன. அவர்க்கு அதனை முற்றும் விலக்கவில்லை. ஆனால் இம்சை என்னும் பெயரை மாற்றவும் இல்லை. காப்பது கடமையாகலாம், கொலை ஒருபோதும் விழாவாகாது.

நம் அரியாங்குப்பமும் போர் கண்ட மண்ணே. 1748-இல் பாஸ்கவன் தலைமையில் புதுச்சேரியைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயர், முதலில் இங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையைத் தாக்கினர். கோட்டைக்குள் வெடிமருந்து வெடித்துப் பலர் மாண்டனர். புதுச்சேரியோ வீழவில்லை, அக்டோபரில் முற்றுகை கைவிடப்பட்டது. படைத்தலைவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வெடியில் மாண்டோர் பெயரை நம்மில் அறிந்தவர் யார்?

பெயரற்ற அம்மனிதர்க்குப் பெயரும் தாயும் பசியும் தருவதே போரை மறுக்கும் கதையின் பணி. பெற்றோரே, பிள்ளைகளுக்குப் பரணியையும் கற்பியுங்கள். அதனோடு, பலாப்பழம் கண்டு அரியணை துறந்த மன்னன் கதையையும் தவறாது சொல்லுங்கள்.